திருப்பி எடுக்கச் சொன்ன கார்

ஜூன் 8, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஹட்டன் கராஜுக்குப் போனேன். கார் அதே மூலையில், தார்ப்பாய் போர்த்தியபடி. ஐந்தாம் தடவை. கியர் பெட்டியைக் கழற்றுவார்கள், மாட்டுவார்கள், பொகவந்தலாவை ஏற்றத்தில் மறுபடி நின்றுவிடும். புதுக் கார்! மகன் கட்டாரிலிருந்து தன் அம்மா ராசம்மா பெயரில் வாங்கிக் கொடுத்தது. கண்டியில் அவளுடைய இருதயக் கிளினிக்குக்குப் போய்வர.

கம்பனியிடம் நான் கேட்பது ஒன்றுதான். இனித் திருத்த வேண்டாம். காரை எடுத்துக்கொள், விலையைத் திருப்பிக் கொடு.

மனேஜரின் பதில்: பூசை போட்ட அன்று டேஷ்போட்டில் பிள்ளையார் படத்துக்குச் சிவப்பு பல்ப் மாட்டியிருக்கிறீர்கள். வெளி ஆள் வயரில் கை வைத்தால் வொரண்டி கிடையாது.

கடுகளவு பல்ப். இந்த மலையில் சாமி விளக்கு இல்லாமல் ஓடும் வாகனம் எது? அதையும் இரண்டாம் தடவையே கழற்றியாயிற்று. பிறகும் நின்றதே, அது எதனால்? மனேஜர் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.

குளிக்கச் சவர்க்காரம் வாங்க மறந்தேன்.

ஜூன் 9, செவ்வாய்

பனி. முழங்கால் வலி. கடைவீதியில் ஓட்டோ செல்வம்:

"என்னங்கய்யா, காரு இன்னும் வார்ட்டுலதானா? ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வருவமா?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாருக்கும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

வீட்டில் ராசம்மா: "ரெண்டு கிளினிக் தவறிப் போயிருச்சுங்க. எழுதிக் குடுத்தா சும்மாவே செஞ்சு தாரோம்னுதானே சொல்றாங்க? உங்க ரோசத்துல ஏறியா நான் கண்டிக்குப் போறது?"

பழுது எங்கள் பக்கம்தான் என்று எழுதிக் கொடுத்தால் திருத்தித் தருவார்கள். திருப்பி எடுக்கச் சொல்லும் உரிமை அதோடு போயிற்று. கொடுக்காவிட்டால் கார் அங்கே, நாங்கள் இங்கே. விற்கலாம் என்றால் யார் வாங்குவான்? நின்ற கதை ஊர் முழுக்கத் தெரியும்.

ஜூன் 11, வியாழன்

காற்று. கூரைத் தகரம் படபடவென்று. கம்பனி ஆள் வீடு தேடி வந்தார். சிங்களவர், நல்ல மரியாதை. கையில் இங்கிலீஷ் கடிதம்.

"அங்கிள், இதுல சைன் போட்டா எல்லாம் ஹரி, சரியாயிடும். நாளைக்கே கார் வரும்."

கார் யார் பெயரிலோ அவர் கையெழுத்துத்தான் வேண்டுமாம். நான் வாய் திறக்கும் முன்னே ராசம்மா கண்ணாடி போட்டு, பேனாவோடு வந்துவிட்டாள். "எங்கங்க தம்பி போடணும்?"

பொறு என்றேன். வாங்கி வாசித்தேன். என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, பழைய பேப்பரில் படித்தது. இதற்குப் போதும். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். 'சாமி விளக்குப் பொருத்தியதாலேயே பழுது ஏற்பட்டது என உரிமையாளர் ஒத்துக்கொள்கிறார்.'

"எது? திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன். பேனாவை மூடினாள்.

"ஏன் தம்பி, எங்க பிள்ளையாராலயா ஒங்க காரு கெட்டுச்சு?"

"ஐயோ அம்மா, அது சும்மா ஒரு பேச்சுக்கு."

"சும்மாதானே? அப்ப கம்பனி குடுத்த காரே பழுதுதான்னு நீங்க ஒரு வரி எழுதுங்க. நானும் சும்மா வச்சுக்கிறேன்."

அவர் பிளேன்டீயைக் குடித்தார். கடிதத்தைப் பையில் வைத்தார். அப்படியென்றால் கார் கராஜிலேயே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் நாளைக்குக் கிளினிக், பஸ்ஸில்தான் போக வேண்டும்.

ஜூன் 12, வெள்ளி

கிளினிக். முதல் பஸ். வளைவுக்கு வளைவு கூட்டம் ஏறியது. அவளுக்கு மட்டும் சீட். ஹட்டனில் இறங்கி, கண்டி பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பதற்குள் மூன்று கடை வாசலில் உட்கார்ந்தாள். உதடு கறுத்திருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

கடைசியில் நானே கேட்டேன். "கையெழுத்துப் போட்டுருவோமா?"

பேச மூச்சில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது.