மாடிப்படிக்கடியில் நாலாவது பேட்டரி

என் அன்பு மாப்பிள்ளைக்கு, போன பிறகும் என் வாயில் ‘இருக்கிறார்’ என்றே வருகிற உங்களுக்கு,

எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். இந்த வீட்டு மாடிப்படிக்கடியிலிருந்து ஒரு நாள் நாற்றம் கிளம்பும், அது சரசுவின் மூச்சில் வந்து நிற்கும் என்று சொன்னவன் நான் ஒருவன்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், கரண்டு விஷயத்தில் இன்ஜினீயர்களே என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஒயரைத் தொடுவார்கள். கிணத்துக்கடவு முழுக்கத் தெரிந்த விஷயம் இது. நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு, அதுதான் உங்கள் சரசுவுக்கு, நுரையீரல் அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்க மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். கரண்டு போனாலும் அது நிற்கக் கூடாது என்று நாலு பேட்டரியை வரிசையாகக் கோத்து இன்வெர்ட்டரில் மாட்டி வைத்தீர்களே, அந்த நாலும் கிழடாகிவிட்டன. நாலையும் மாற்றிவிடலாம் என்று உங்கள் மகள் நித்யா, உங்கள் பேட்டரிக் கடையில் கூட வேலை பார்த்த கருமத்தம்பட்டி அந்தோணியை வரவழைத்தாள்.

சரசு ஒன்றை மட்டும் தொட விடவில்லை. கதவுப் பக்கமிருந்து இரண்டாவது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலையில் நீங்கள் கடைசியாக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய பேட்டரி.

“அவிய கை கடைசியாப் பட்டது அது. அது இருக்கட்டும். மத்த மூணைப் புதுசாப் போடு அந்தோணி.”

அந்தோணி தலையைச் சொறிந்தான். “புதுசோட பழசைச் சேத்துனா ஒத்து வராதுங்க அக்கா. வேணும்னா தனியா ஓரமா வெச்சுக்கலாமுங்க.”

“ஓரமா வெக்கறதுக்கு அவிய என்ன ஒடஞ்ச நாற்காலியா?”

அந்தோணி மூன்றை மட்டும் புதிதாகப் போட்டு, பழையதை அதே வரிசையில் கோத்தான். நித்யா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது அசிங்கம். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பேட்டரிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. ஆசிட் ஆவியில் அந்தப் பூ கருத்து, சளி மாதிரி வழிந்து தொங்கும். முனையில் நீலமும் வெள்ளையுமாக ஏதோ பூத்து, சந்தனத்தோடு கலந்து, சொறி பிடித்த மாதிரி நிற்கும். மூன்றாம் மாதம் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. சாம்பார் அந்த வாசம், ரசம் அந்த வாசம், துவைத்த வேட்டிகூட அந்த வாசம். பொள்ளாச்சி பஸ்ஸில் போகிறவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள் என்று கேள்வி. வந்தவர்களெல்லாம் எலி செத்திருக்கும் என்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்கள். மூச்சுக்குத் தவிக்கிற பெண்ணை அந்த நாற்றத்துக்குப் பக்கத்து அறையில் படுக்க வைத்திருந்தோம்.

போன வாரம், லைன் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்டு இல்லை என்று அறிவித்திருந்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி, சரசுவிடம், “பயப்படாத அம்மணி, மாப்பிள்ளை போட்ட லைனு, மூணு நாளைக்குத் தாங்கும்” என்றேன். நாற்பது நிமிடம் தாங்கியது. இன்வெர்ட்டர் கத்தி அணைந்தது, மெஷின் கத்தி அணைந்தது. சரசு கத்தவில்லை. அவளுக்கு அதற்கு மூச்சு இல்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது.

அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரோடு காரில் தூக்கிப் போட்டு, ஜெனரேட்டர் ஓடும் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டு போனோம். யாருடைய நிச்சயதார்த்தமோ. மணப்பெண் அறையில் மெஷினைச் செருகிவிட்டு உட்கார்ந்தோம். ஓர் அம்மா எட்டிப் பார்த்து, “ஏனுங்க, அவிய பாயாசம் குடிப்பாங்களா?” என்று கேட்டார். நல்ல மனசு.

சாயங்காலம் அந்தோணி வந்து திறந்து பார்த்தான். பழைய பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. அவன் விளக்கியதை அந்த மண்டபத்துப் பந்தியை வைத்தே புரிந்துகொண்டேன். நாலு பேர் இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு பேருக்கும் ஒரே அளவு பரிமாறுகிறார்கள். சின்ன வயிற்றுக்காரனுக்கு முதலில் நிறைந்துவிடும். மற்ற மூன்று பேரின் பசிக்காக அவனுக்கும் போட்டுக்கொண்டே இருந்தால், வாந்தி எடுப்பான். அந்த வாந்திதான் எங்கள் நாற்றம். செலவாகும்போதும் அவனேதான் முதலில் காலி. ஒரே வரிசையில் கோத்திருப்பதால், அவன் விழுந்தால் மற்ற மூன்று பேரிடம் இருப்பதும் உதவாது.

“இது ஒண்ணுதானுங்க மூணையும் இழுத்து நிறுத்திப்போட்டுது. விட்டா வெடிச்சுப்போடும்” என்றான் அந்தோணி.

அப்போதும் சரசு விடவில்லை. குழாயைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: “அண்ணா, அவிய கை பட்டதுங்ணா. மூச்சு கெடக்கட்டும்.”

மூச்சு கிடக்கட்டுமாம். இதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு எப்படி முடிந்தது, மாப்பிள்ளை? நீங்கள் இருந்திருந்தால் என் சட்டையைப் பிடித்திருக்க மாட்டீர்களா?

நாளைக் காலையில் அந்தோணி நாலாவது புதுப் பேட்டரியோடு வருகிறான். அவன் வண்டி வாசலில் நிற்பதற்குள் சரசுவிடம் சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும், மூச்சோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

உங்கள் காரியம் முடிந்த அன்று அவள் மாடிப்படி எதிரே உட்கார்ந்து, “அண்ணா, அவிய கடைசியா எதைத் தொட்டாங்க?” என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று சொல்ல வரவில்லை. கை போன பக்கம் இருந்த ஒரு பேட்டரியைக் காட்டி, இதற்குத்தான் தண்ணீர் ஊற்றினார் என்றேன். நீங்கள் அன்றைக்கு எதற்கும் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினீர்களோ என்னவோ, அன்று காலையில் நான் இந்த வீட்டிலேயே இல்லை.

இப்படிக்கு,
சரசுவுக்கு மூச்சு முட்ட வைத்த அண்ணன்,
உங்கள் மச்சான்