கேட் போர்டில் மூன்று ஆரஞ்சு

மார்ச் 12, செவ்வாய்

காலையிலேயே வெயில். யாழினிக்குச் சளி குறைந்திருக்கிறது. ஒன்றரை வயதுக்கு மூக்குச் சிந்தத் தெரியவில்லை, பாவம்.

சுரங்க வேலை முடிந்தது. அரியலூர் பக்கம், என் வீட்டுக்காரர் டிப்பர் ஓட்டும் அதே சுண்ணாம்புக்கல் சுரங்கம். கேட்டில் பெரிய டிவி, லாரி வரிசை காட்டும். பழைய ஜாவா அப்ளிகேஷன். உள்ளே நான் தொடவில்லை, தொடப் பயம். மேலே போர்த்துகிற தீம் மட்டும் என் வேலை: எழுத்து, பட்டை, நிறம். முன்பெல்லாம் பச்சை என்றால் உள்ளே போ, மஞ்சள் என்றால் காத்திரு, சிவப்பு என்றால் உள்ளே வெடி. சுரங்கத்துக்கு வந்த புது மானேஜருக்குச் சிவப்பு பிடிக்கவில்லை. கம்பெனி நிறமான ஆரஞ்சிலேயே எல்லாம் வேண்டுமாம். வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று மூன்று ஆரஞ்சு வைத்தேன். லேப்டாப்பில் பளிச்சென்று தனித்தனியாகத் தெரிகின்றன. நேற்றிலிருந்து கேட்டில் ஓடுகிறது.

திருச்சியிலிருந்து டீம் லீட்: "சூப்பர் கவிதா. கிளையண்ட் ஓகே சொல்லிட்டாங்க."

வாங்க: பால், டயப்பர் (சின்ன பாக்கெட்), வெங்காயம்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தானாகப் பார்த்து அசரட்டும். ஆனாலும் லேப்டாப்பை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டேன். வேலை லைவ் போனாலே எனக்கு இப்படித்தான்.

மார்ச் 13, புதன்

சாயந்திரம்தான் மேகம். மழை இல்லை. அவர் சாப்பிடும்போது பேசியது, அப்படியே:

"எவன் அந்த போர்டுல கைய வெச்சான்னு தெரியல கவி. எல்லாமே காவி. மடத்து வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு."

"பக்கத்துல எழுத்து போட்டிருக்குமேங்க?"

"முப்பது அடி தள்ளி நிக்கிறோம். கண்ணாடில வெயிலடிக்குது. பாதிப் பேரு பீகார்க்காரங்க, அவங்களுக்குக் கலருதான் எழுத்து. இன்னைக்கு வெடி நேரத்துல ஒரு வண்டி நேரா உள்ள போயிட்டான். கத்தி, கல்லெறிஞ்சி நிறுத்துனோம்."

"சைரன் அடிக்குமே?"

"ஏசியப் போட்டு, பாட்டப் போட்டு... அடப் போ, கொழம்ப ஊத்து."

ஊற்றினேன். தட்டுக்கு வெளியே பாதி.

டீம் லீடுக்குப் போன் செய்தேன். சிவப்பைத் திருப்பி வைக்கணும் சார் என்றேன். "கிளையண்ட் அப்ரூவ் பண்ணது கவிதா. அடுத்த ரிலீஸ்ல பாக்கலாம்." அடுத்த ரிலீஸ் பதினைந்து நாள் கழித்து. தினமும் ஒரு மணிக்கு வெடி. பதினைந்து வெடி. எண்ணிப் பார்த்திருக்கக் கூடாது.

மார்ச் 14, வியாழன்

9.20. கேட்காமலே மாற்றினேன். தீம் கோப்பில் ஒரே ஒரு வரி. சர்வரில் ஏற்றியாயிற்று. லேப்டாப்பில் சிவப்பு. அப்பாடா.

9.40. அப்பாடா இல்லை. கேட் டிவி ஒரு முறை எடுத்த தீம் கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். யாராவது போய் ரெஃப்ரெஷ் செய்தால்தான் புதியது வரும். அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். வெடிமருந்து இருக்கிற இடம், கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

யாழினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டு அம்மா: "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லயா?" இல்லைங்க. "அப்ப ஒனக்குத்தான். மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு." அரியலூரில் இறங்கி ஷேர் ஆட்டோ.

12.35. கேட். வெடிக்கு அரை மணி முன்பே 'உள்ளே வெடி' பட்டை வந்துவிடும், வந்திருந்தது. எது அது என்று எனக்கே தெரியவில்லை. வைத்தவள் நான். போர்டுக்குக் கீழே வாட்ச்மேன் அண்ணன், கம்பில் சிவப்புத் துணி கட்டிப் பிடித்துக்கொண்டு வெயிலில்.

"என்னண்ணே இது?"

"எம் பொண்டாட்டி உள்பாவாட. சிரிக்காதம்மா. டிவி வந்ததும் கொடியெல்லாம் ஸ்டோர்ல போட்டுப் பூட்டிட்டானுங்க. இப்ப எவனோ ஏசி ரூம்ல குந்திக்கிட்டு காவி அடிச்சி விட்டுருக்கான். அவன் மட்டும் என் கையில கெடச்சான்..."

எங்கள் வீட்டில் ஏசி இல்லை. டிரைவர் சம்சாரம், கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும் என்றேன். கேட் ரூமில் கீபோர்டு மேல் ஒரு விரல் தூசி. இரண்டு பொத்தான் சேர்த்து அழுத்தினேன். போர்டு ஒரு நொடி வெள்ளை. பிறகு சிவப்பு. நல்ல சிவப்பு. வெளியே லாரிகள் பிரேக் போடுகிற சத்தம்.

"யம்மாடி, ரெண்டே பொத்தானா!" அண்ணன் துணியை அவிழ்த்து மடித்தார். அண்ணன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது லாரியிலிருந்து அவர் குதித்து ஓடி வந்தார். "புள்ளைக்கு என்ன கவி?"

"ஒண்ணுமில்லைங்க. அந்தக் காவி... நான்தாங்க."

போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வூட்டுக்குப் போ. சாயந்திரம் பேசிக்கலாம்."

சாயந்திரம் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

காலையில் கரண்ட் இல்லை. யாழினிக்கு மறுபடி சளி.

12.10. டீம் லீட். "யாரு கவிதா சிவப்பு வெச்சது? மானேஜர் கத்துறாரு. நானே பழைய தீம ஏத்திட்டேன். இனிமே நீங்க அந்தப் பக்கமே வரவேணாம்." பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். திறந்து பார்த்தேன், மறுபடி ஆரஞ்சு.

ஆனால் கேட் டிவி நேற்று எடுத்ததைப் பிடித்துக்கொண்டிருக்கும். யாரும் தொடாத வரைக்கும். தொடக் கூடாது. சாமி, தொடக் கூடாது.

12.40. வாட்ச்மேன் அண்ணனுக்குப் போன்.

"போர்டு என்ன கலருண்ணே?"

"செவப்பு. ஜம்முன்னு இருக்கும்மா."

"யாரு சொன்னாலும் அந்தப் பொத்தான அமுக்காதீங்க."

"இப்பதான் ஆபீஸ்லேருந்து ஒரு சார் வந்தாரு, மானேஜர் அனுப்புனாராம். ரூம்ல குந்தி என்னவோ பண்ணுறாரு... ஐயே, வெள்ளையாயிருச்சே."

"அந்தத் துணி எங்கண்ணே?"

"தொவைக்கப் போட்டுட்டாளே!"

"எதையாவது செவப்பா எடுத்துக்கிட்டு ரோட்டுல போயி நில்லுங்கண்ணே. அவரு வண்டி வரும்."

"நிக்கிறேன், நிக்கிறேன். போன வெய்யி."

12.44. வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. அவர் போன் அணைந்து கிடக்கிறது. யாழினி மடியில் தூங்குகிறாள். எதிரே லேப்டாப். மூன்று ஆரஞ்சும் பளிச்சென்று தனித்தனியாகத் தெரிகின்றன.