இரண்டு கட்டளைகளுக்கு நடுவே உங்கள் மகள்

என் பிரியத்துக்குரிய மதினி,

நீங்கள் கர்த்தரிடம் போன பிறகு, ஞாயிறு பள்ளியில் உங்கள் வகுப்பை யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது போதகர் என்னைத்தான் பார்த்தார். "மதினிகூடவே இருந்தவ நீதானம்மா" என்றார். கூட இருந்தது உண்மைதான். பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கைதட்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுப்பது அதைவிடக் கடினமான வேலை என்று எனக்கு அப்போது தெரியாது. இந்த ஐப்பசியில் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைப்பதோடு விடமாட்டீர்கள். "இந்த வாரம் உங்க தெருவுல என்ன சண்டை?" என்று ஆரம்பிப்பீர்கள். பிள்ளைகள் வீட்டு விஷயம் எல்லாவற்றையும் கொட்டிவிடும். "எங்க அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கிட மாட்டேங்காவ டீச்சர்" என்று ஒன்று சொல்லும். அந்தச் சண்டைக்குள்ளே எந்தக் கட்டளை உடைந்து கிடக்கிறது என்று அவர்களையே தேடச் சொல்வீர்கள். உங்கள் வகுப்பு நடக்கும் நேரத்தில் ஆராதனையில் உட்கார்ந்திருந்த பெற்றோர் பாதிப் பேர் உங்கள் அறைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் அப்படியே நடத்திப் பார்க்கிறேன்.

போன மாதம் கடைசிக் கட்டளை நடத்தினேன். அடுத்தவன் கழுதைமேல் ஆசைப்படக் கூடாது என்றதும் ஒரு வாண்டு எழுந்து, "எங்க தெருவுல யார்ட்டயும் கழுதை இல்லையே டீச்சர்" என்றான். "அப்ப பைக்குன்னு வச்சுக்கோல" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

ஜெனி அன்று சிரிக்கவில்லை. உங்கள் மகள் இப்போது ஏழாவது படிக்கிறாள். என் தோள் உயரம் வந்துவிட்டாள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் ஓடிய பிறகு, நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். அவள் பாயைச் சுருட்டியபடியே கேட்டாள். "அத்தை, அப்பா அம்மாவைக் கனம்பண்ணணும்னு ஒரு கட்டளை இருக்கு. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னும் இருக்கு. அப்பாவே பொய்ச்சாட்சி சொல்லச் சொன்னா, எதைக் கேக்கணும்?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவளை உட்காரவைத்துக் கேட்டேன். நடந்தது இதுதான் மதினி.

எதிர்வீட்டு மாடசாமி அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால், பூ மூட்டை ஏற்றிவரும் லோடு ஆட்டோ வீட்டுக்குள் ஏற வசதியாக, தெருவோரச் சாக்கடை ஓடும் வாறுகாலை மூடிச் சிமெண்டில் ஒரு சரிவு போட்டார். மழை வந்ததும் சாக்கடை போக வழியில்லாமல் உங்கள் வீட்டு முற்றத்தில் ஏறியது. அண்ணன் முதலில் நல்லபடியாகச் சொன்னார், பிறகு சத்தம் போட்டார். ஒரு காலையில் அவரே கடப்பாரையை எடுத்துக்கொண்டு அந்தச் சரிவை உடைக்கப் போய்விட்டார். அண்ணாச்சியும் அவர் மகன் பேச்சிமுத்துவும் ஓடிவந்தார்கள். வார்த்தை தடித்தது. பாசி பிடித்த சிமெண்டில் கால் வழுக்கி அண்ணன் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று.

பெரியாஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டிருக்கிறார்கள். "அப்பனும் மவனும் சேந்து பிடிச்சுத் தள்ளிட்டாங்க" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு தரப்பும் விசாரணைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தது வாசலில் நின்ற ஜெனி மட்டும்தான். "எம் பிள்ள பாத்திருக்கு, கூட்டிட்டு வாரேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இதில் இன்னொன்று இருக்கிறது. பேச்சிமுத்து போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, வீட்டுக்கு வந்து விசாரிக்கும் கட்டத்தில் இருந்தான். ஒரு வழக்கு விழுந்தால் அந்த வேலை கிடைக்காது. அது அண்ணனுக்குத் தெரியாதா? தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணனைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டிய அதே மனிதர்தான். கை முறிந்ததால் மினி பஸ் ஓட்ட முடியாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தார். அந்தக் கோபம் எங்கே போகும்?

ஜெனி கேட்டதற்கு நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்தேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அப்பாவைக் கனம்பண்ணுறதுன்னா அவர் சொல்லுற எல்லாத்துக்கும் தலையாட்டுறது இல்லட்டி. ஊர் முன்னால அவர் பொய்யரா ஆயிராமப் பாத்துக்கிடுறதும் கனம்பண்ணுறதுதான். நீ வீட்டுக்குப் போ. நான் வந்து பேசுதேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்குப் பயம்தான். அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அண்ணன் ஒருவர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் யாரிடம் போவேன்? மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பிள்ளைய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவாதீங்க."

"ஏன்?"

"நடக்காததை அவ எப்படிச் சொல்லுவா?"

டிவியை அணைத்தார். "நீ அங்கன எம் பிள்ளைக்கு எனக்கு எதிராப் பாடம் நடத்துதியா கிரேஸ்? கை ஒடிஞ்சு கெடக்கேன். வீட்டுக்குள்ள சாக்கடை வருது. அவன் மட்டும் நிம்மதியா இருக்கணுமாக்கும்?"

"சரிவு போட்டது தப்பு. அதை நகராட்சியில எழுதிக் கொடுப்போம், நானும் வாரேன். அந்தப் பையன் வேலையக் கெடுத்தா சாக்கடை வத்திருமா?"

"கோயில்ல பேசுறத கோயிலோட வச்சுக்கோ" என்றார். அதற்கு மேல் நான் பேசினால் கைகலப்புதான் என்பதுபோல இருந்தது அவர் குரல்.

அப்போதுதான் ஜெனி அடுக்களையிலிருந்து வந்தாள். அழவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "அப்பா, நீங்க கூப்பிட்டா நான் வருவேன். வரமாட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அங்க கேட்டா, பாத்ததத்தான்பா சொல்லுவேன்."

நான் அசந்துபோனேன் மதினி. நான் ஒரு கட்டளைக்கு விளக்கம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, எதையும் விடாமல் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் எழுந்து சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று என்னிடம் அவர் பேசவே இல்லை.

திங்கட்கிழமை நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் போனேன். பள்ளிக்கூட யூனிபாரத்தோடு ஜெனி அவர் பக்கத்தில் நின்றாள். எதிரே மாடசாமி அண்ணாச்சியும் பேச்சிமுத்துவும். அந்தப் பையன் சாப்பிட்டுப் பல நாள் ஆனவன்போல இருந்தான். விசாரித்தது ஒரு பெண் எஸ்.ஐ. ஜெனியைப் பார்த்ததும் அவர் முகம் கடுத்தது.

"பிள்ளைய எதுக்கு சார் இங்கன கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

அண்ணன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா, "சரி, வந்துட்ட. பயப்படாமச் சொல்லும்மா. என்ன பார்த்த?" என்றார்.

ஜெனி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சம்மதம் கேட்பதுபோல. அவள் அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"அவட்ட கேக்காதீங்கம்மா" என்றார் அண்ணன். "யாரும் தள்ளல. நான்தான் வழுக்கி விழுந்தேன். கோவத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

எஸ்.ஐ. அவரை ஏசிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. பொய்ப் புகார் கொடுத்தால் உங்கள் மேலேயே வழக்குப் போடலாம் தெரியுமா என்று பிடித்துக்கொண்டார். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு அந்த அம்மா மாடசாமி அண்ணாச்சி பக்கம் திரும்பி, "வாறுகாலை அடைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தா?" என்று அவரையும் ஒரு பிடி பிடித்தார். எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்.

வெளியே வந்தோம். பேச்சிமுத்து சுவரோரம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். மாடசாமி அண்ணாச்சி நன்றி ஒன்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "கை எப்படி இருக்கு டிரைவரே?" என்றார். "வலிதான்" என்றார் அண்ணன். அவ்வளவுதான் பேச்சு.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. அண்ணாச்சி சரிவைப் பாதி உடைத்து அடியில் குழாய் பதித்திருக்கிறார். குழாய் சின்னது என்று அண்ணன் சொல்கிறார். போதும் என்று அவர் சொல்கிறார். காலையில் இரண்டு பேரும் வாசலில் நின்று இதைப் பற்றி வாதாடுகிறார்கள். ஆனால் சண்டை குழாயைப் பற்றியதாகவே நிற்கிறது. அதற்குள்ளே யாருடைய பிள்ளையும் போய் விழவில்லை. பேச்சிமுத்து வேலை உத்தரவு கிடைத்துப் பயிற்சிக்குப் போய்விட்டான். அண்ணன் கட்டுப் பிரித்து மறுபடி வண்டி ஓட்டுகிறார்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போனால், பிள்ளைகளுக்கு விஷயம் முழுவதும் தெரிந்திருந்தது. நான் யார் பெயரையும் எடுக்காமல் பாடத்தை ஆரம்பித்தேன். பைக் வாண்டு விடுவானா? "டீச்சர், எல்லாரும் கட்டளைப்படி நடந்தா சண்டையே வராதா?" என்றான்.

"வரும்ல. சண்டை வரும். ஆனா பொய் சேரலைன்னா, பேசித் தீக்கக்கூடிய சண்டையாவே இருக்கும்" என்றேன். அவனுக்கு அது போதவில்லை. "அதனால நமக்கு என்ன கிடைக்கும்?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஜெனி சொன்னாள். "உண்மையச் சொன்ன அன்னைக்குத்தான் எங்க அப்பா நல்லாத் தூங்குனாவ." பைக் வாண்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் இதுவரை கட்டளைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்தால் என் வேலை முடிந்தது என்று இருந்தேன். இனி அப்படி இருக்க மாட்டேன் மதினி. என் வகுப்பில் கேட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை பெரியவர்கள் முன்னால் நிற்க வேண்டி வந்தால், அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அதன் பக்கத்தில் போய் நிற்பேன். என் அண்ணன் முன்னால் என்றாலும் நிற்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் பிள்ளைக்கு அத்தையும்
உங்களுக்கு என்றைக்கும் நாத்தனாருமான,
கிரேஸ்
சங்கரன்கோவில்