நகரசபையில் அப்பா சொன்னது

பிப்ரவரி 12, புதன்கிழமை

அன்புள்ள ஒக்னியான் அண்ணாவுக்கு,

நெவெனா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். ஜெர்மனியில், உன் பிரேமென் ஊரில் குளிர் குறைந்ததா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நேற்று உனக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் உன் குரலைக் கேட்டதும் காலினுக்குச் சளி, விறகு விலை என்று எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல நினைத்தது வாயில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்து படி.

முதலில் என் பையன் காலின். அடுத்த மாதம் அவனுக்கு மூன்று வயது முடிகிறது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைக்கிறான்! எல்லாம் வியாழக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் ஸ்லாட்காவால்தான். விறைத்த காலை எப்படித் தளர்த்துவது, எப்படி உட்கார வைத்தால் அவன் கை தானாகக் கரண்டியைத் தேடும் என்பதையெல்லாம் எனக்குப் பழக்கியது அவள்தான். ஆனால் அப்பாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. 'வந்துட்டாய்யா பொம்மைக்காரி, விளையாடுறதுக்குச் சம்பளம் வாங்குறவ' என்று முனகிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விடுவார்.

அவளுக்குச் சம்பளம் கொடுத்துவந்த வெளிநாட்டு அறக்கட்டளை மார்ச்சோடு நிறுத்திக்கொள்கிறது. இனி நகரசபை செலவை ஏற்றால்தான் உண்டு. நாங்கள் பதினேழு தாய்மார்கள் சந்தை வாசலில் நின்று கையெழுத்து வாங்கினோம். திங்கட்கிழமை மதியம் சபைக் கூட்டம். பேச எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு ஆலையில் ஷிப்ட் என்பதால் அப்பாதான் காரில் கூட்டிப்போனார். காலினை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கையிலிருந்த காகிதத்தை ஒருவழியாகப் படித்து முடித்தேன். கெர்ச்செவ் என்ற உறுப்பினர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, 'ரோட்டுல குழியை மூடவே காசில்லம்மா. அந்தக் காலத்துல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு விடுதி இருந்துச்சு. கொண்டுபோய் விட்டாங்க, முடிஞ்சுபோச்சு. யாரும் இப்படி வந்து அழுததில்ல' என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

பின்னாலிருந்து, 'நான் அழுதேன்யா' என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் அப்பா. காலினைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறார். உட்காருங்கள், உங்களுக்கு நேரம் ஒதுக்கவில்லை என்று தலைவர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

அண்ணா, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'என் மூத்தவன் போயானுக்கும் இதே கால்தான். டாக்டரு, இவன் நடக்கவும் மாட்டான் பேசவும் மாட்டான், மறந்துட்டு இன்னொண்ணு பெத்துக்கோங்கன்னாரு. என் வீட்டுப் படி ஏறி வந்து, இப்படிப் பிடி, அப்படித் தூக்குன்னு சொல்ல ஒரு நாதி இல்ல. ஒரு காகிதம்தான் வந்துச்சு. கையெழுத்துப் போட்டேன். நான் ஓட்டுன பஸ்ஸுலயே கொண்டுபோய் விட்டேன். அன்னிலேருந்து அவனுக்கு அரசாங்கம்தான்யா சோறு போடுது, நாப்பத்தெட்டு வருஷமா. அதுல ஒரு துளியை மொதல்லயே எங்களுக்குச் செலவழிச்சிருந்தா, அவன் என் மேசையில உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான்.'

நமக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். நாற்பது வருடமாக மூத்தவன் என்று நான் நினைத்திருந்த நீ மூத்தவன் இல்லை. டாக்டர் சொன்ன அந்த 'இன்னொண்ணு' நீதான். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது.

ஓட்டெடுப்பில் பதினொருவர் சரி என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். கெர்ச்செவ் இரண்டுக்குமே கையைத் தூக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மட்டும், இருபது குழந்தைகளுக்கு மட்டும். இன்னும் முப்பத்தொரு குழந்தைகள் காத்திருக்கிறார்கள். அதனால் மறுபடியும் சந்தை வாசலில் நிற்கப் போகிறோம். வெளியே தாய்மார்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. காரில் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், அம்மா போய்ப் பார்த்தாளா என்று. 'வருஷத்துக்கு ரெண்டு தடவை, சாகுற வரைக்கும். நான் வாசல் வரைக்கும்தான்' என்றார்.

நேற்றுக் காலை ஸ்லாட்கா விசாரித்துச் சொன்னாள். பழைய விடுதியை மூடிவிட்டார்களாம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் போயான் இன்னும் எட்டுப் பேரோடு இருக்கிறானாம். அங்கே போன் செய்தேன். எடுத்த பெண், 'இருங்க, அவர்கிட்டயே குடுக்கிறேன்' என்றாள். எனக்குப் புரியவில்லை. அவனால் பேச முடியாதே என்றேன். அவள் சிரித்துவிட்டு, 'யார் சொன்னது? வாயை மூடினாத்தான் அதிசயம்' என்றாள்.

அண்ணா, அவன் பேசுகிறான். கொஞ்சம் இழுத்து இழுத்து, ஆனால் தெளிவாக. 'யாரு?' என்று கேட்டான். நான் என் பெயரை மட்டும் சொன்னேன். 'எந்த நெவெனா?' என்றான். மறுபடி கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகு அப்பாவிடம் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. நீ கோபப்பட்டால் நியாயம்தான். ஆனால் அதைப் போனில் காட்டாதே. நேரில் வந்து காட்டு. ஈஸ்டர் வரை காத்திருக்காதே. லீவு கேள். நீ, நான், அப்பா மூன்று பேரும் போவோம். இந்தத் தடவை அவரை வாசலில் நிற்க விடக் கூடாது.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். எந்த நெவெனா என்று அவனிடம் சொல்லும்போது நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உன் தங்கை,
நெவெனா