உன் தளபதியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்

என் அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. உன் புத்தகம் வந்துவிட்டது. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய சேதிதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது.

பாடப்புத்தகத்தில் இல்லாத அந்த அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதியை நீ எங்கிருந்துதான் பிடித்தாயோ. அடிமைமுறைக்காக நின்றவர்களை எதிர்த்து நடந்த உள்நாட்டுப் போரில், சின்ன வயசிலேயே தளபதியானவன். குண்டு பாயும் இடத்துக்கு முதல் ஆளாகக் குதிரையை விரட்டியவன். நீ பாடம் நடத்தும்போது அவனைப் பற்றிச் சொன்னால் வகுப்பே மணி அடித்தும் எழுந்திருக்காதாம். வீட்டிலும் அதே கதைதான், சோறு ஆறிப் போகும்.

பிறகு அவனுடைய மீதி வாழ்க்கையைப் படித்தாய். போர் முடிந்து மேற்கே அனுப்பப்பட்டவன், பனிக்காலத்து விடியலில் பூர்வகுடிகளின் குடியிருப்பைச் சுற்றி வளைத்தான். பெண்களும் பிள்ளைகளும் செத்தார்கள். கூடாரங்களையும், குளிருக்குச் சேர்த்துவைத்த இறைச்சியையும் எரித்தான். தப்பியவர்கள் எங்கும் போய்விடக் கூடாதென்று அவர்களுடைய குதிரைகளையெல்லாம் சுடச் சொன்னான்.

“ஏளா எஸ்தர், குதிரையால பெரியாளானவன் குதிரையவே சுடச் சொல்லுதான். இவனையா நான் பிள்ளையளுக்கு வீரன்னு சொன்னேன்?” என்று கேட்டாய். மறுநாள் வகுப்பில், “நான் பாதியத்தான் சொன்னேன், தப்பு என்னுது” என்று பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டாய். ஓய்வுபெற்றபின் புத்தகம் எழுத உட்கார்ந்ததே அந்த மீதியைச் சொல்லத்தானே?

அதைச் சொன்ன கடைசி மூன்று அத்தியாயங்களையும் எடுத்துவிட்டார்கள், அண்ணே.

எடுத்தது வேறு யாருமில்லை. உன்னோடு இருபது வருஷம் பாடம் நடத்திய, நீ நம்பிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்த உன் நண்பர்தான். தூத்துக்குடியில் மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா. அட்டையில் உருவிய வாளோடு குதிரைக்காரன். புரட்டிப் பார்த்தேன். போரில் ஜெயித்ததோடு ‘முற்றும்’ போட்டிருந்தது.

“மீதி எங்க, அண்ணாச்சி?” என்று அவரிடமே கேட்டேன்.

“பள்ளிக்கூடத்துல பரிசு குடுக்கப் போற புஸ்தகம்மா. பிள்ளையளுக்கு அந்த ரத்தமெல்லாம் எதுக்கு? உங்க அண்ணனுக்கு நல்ல பேரு வரட்டும்னுதான் செஞ்சோம்.”

நல்ல பேராம். எதற்காக நீ பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்து நின்றாயோ, அதே பொய்யை உன் பெயரிலேயே அச்சடித்திருக்கிறார்கள். செத்தவன் வந்து மறுக்கவா போகிறான் என்ற தைரியம்.

பொன்னாடை போர்த்தி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். “இது எங்க அண்ணன் எழுதுன புஸ்தகம் இல்ல” என்று தொடங்கினேன். மைக்கை நிறுத்திவிட்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். உன் பழைய மாணவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

“சார் எங்ககிட்ட மன்னிப்பு கேட்டாவ. நான் அந்த வகுப்புல இருந்தேன். அக்கா சொல்லட்டும்” என்றார்.

மைக் இல்லாமலே சொன்னேன். எரிந்த கூடாரங்களை, செத்த குதிரைகளை, நீ கேட்ட மன்னிப்பை. பாதிப் பேர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர் நின்று கேட்டார்கள். உன் நண்பர் பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டார்.

அவரை நான் மன்னிக்கவில்லை. நீ இருந்தால் மன்னிக்கச் சொல்வாய், அதனால் உன்மேலும் கோபம்தான். ஏன் அந்தப் பிரதியை என்னிடம் கொடுக்கவில்லை? தபால் ஆபீஸில் முத்திரை குத்தியவளுக்கு வரலாறு எங்கே புரியப் போகிறது என்றா?

பிரதி தொலைந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் நீ முதலில் எழுதிப் பார்த்த நோட்டுகள் நம் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் வாசிக்க, அந்த கிரேன்காரர் கம்ப்யூட்டரில் அடிக்கிறார். உன் கிறுக்கல் எழுத்தைப் படிக்க முடியாமல் வாராவாரம் உன்னைத் திட்டுகிறேன்.

ஒரு வரி விடாமல் அச்சாகும், அண்ணே. பாதிப் புத்தகம் போன ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் நானே கொண்டுபோவேன். வாங்க மாட்டோம் என்றால் வாசலில் நின்று வாசிப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்