அண்ணனுக்குப் புரியாத தாள்

பிப்ரவரி 3

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காக நான் எழுதிய விளக்கத் தாள் ஐந்தாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. "கால் வீங்கும்" என்று எழுதியிருந்தேன். பெரிய டாக்டர் அதை அடித்துவிட்டு, "கீழ் அவயவங்களில் நீர்க்கோவை" என்று சிவப்பு மையில் திருத்தியிருக்கிறார். வீட்டில் கால் வலித்தால் மனைவியிடம் எப்படிச் சொல்வாராம்? "கீழ் அவயவத்தில் அசௌகரியம், கொஞ்சம் பிடித்துவிடு" என்றா?

மறுபடி "கால் வீங்கும்" என்றே எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 9

நாத்தனார் போன் செய்தார். "டாக்டர் சொன்னதையே திருப்பிச் சொல்றதுக்கு ஒரு சம்பளமா?" என்று ஒன்பது வருஷமாக, விருந்தாளிகள் இருக்கும் நேரம் பார்த்துக் கேட்டுச் சிரிப்பவர். இன்று குரலில் தேன் வடிகிறது. அவர் வீட்டுக்காரருக்கு — நான் அண்ணன் என்று கூப்பிடுபவர் — ஏதோ ரிப்போர்ட் வந்திருக்கிறதாம். வரட்டும், வரட்டும்.

பிப்ரவரி 10

ரிப்போர்ட்டில் "இதயச் செயலிழப்பு" என்று இருந்தது. நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது.

"இதயம் நின்னுடல அண்ணி. களைச்சுப் போயிருக்கு. ரத்தத்தை முழுசாத் தள்ள முடியல, அதனால உடம்புல தண்ணி தேங்குது. உப்பைக் குறைக்கணும். தினம் காலைல எடை பார்க்கணும். திடீர்னு ஏறினா உடனே கூட்டிட்டு வரணும். மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா ரொம்ப நாள் நல்லா இருப்பாரு."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டாரே ஒன்று — "அவருக்குப் புரியாத மாதிரி எழுதித் தர முடியுமா? பயந்துடுவாரு. உப்பையெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

முடியாது என்றிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தேன். ஏன்? பாவம் பார்த்தா? அதெல்லாம் இல்லை. நாத்தனார் முதல் தடவையாக என்னிடம் கெஞ்சினார். அது எனக்கு இனித்தது. "இடக் கீழறையின் உந்துதிறன் குறைபாட்டால் விளையும் நாட்பட்ட தேக்க நிலை." பெரிய டாக்டர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

பிப்ரவரி 14

அண்ணன் அந்தத் தாளை அலுவலகத்தில் எல்லாரிடமும் வாசித்துக் காட்டுகிறாராம். என்னவோ பட்டம் வாங்கிவிட்ட மாதிரி! இந்தக் குடும்பத்துக்கே பெருமை பீற்றிக்கொள்ள ஏதாவது கிடைத்தால் போதும்.

பிப்ரவரி 23

அண்ணனை மூச்சுவிட முடியாமல் தூக்கி வந்தார்கள்.

வீட்டில் உப்பில்லாத சாப்பாடு. அதை மூடி வைத்துவிட்டு, தினமும் கேன்டீனில் மூக்குமுட்டச் சாப்பிட்டிருக்கிறார். செருப்பு இறுகியிருக்கிறது, பெரிய செருப்பாக வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மனுஷனைச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? சட்டைப் பையில் நாலாக மடித்த தாள். என் கையெழுத்து. பெரிய டாக்டருக்காவது புரியவைக்கத் தெரியாது. எனக்குத் தெரியுமே. தூ!

பிப்ரவரி 25

மூச்சு சீராகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாத்தனாரையும் உட்காரவைத்து, அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புரியக் கூடாது என்றே அந்தத் தாளை எழுதியதையும் சொன்னேன்.

"நான்தாங்க எழுதச் சொன்னேன்" என்றார் நாத்தனார். அந்த அம்மாவுக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது.

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்ளோதானா? ஆபீஸ்ல ஒருத்தன் விடாம காட்டினேன், யாருக்காவது புரியுதான்னு. ஒருத்தனுக்கும் புரியல. என்கிட்ட கேட்டிருக்கலாமேன்னு நீ நினைப்ப. எப்படிம்மா கேப்பேன்? ஊருக்கெல்லாம் புரியுற மாதிரி எழுதுறவ நீ. நீயே எனக்கு இப்படி எழுதியிருக்கேன்னா, சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். போறதுக்கு முன்னாடி வாய்க்கு ருசியா சாப்பிடுவோம்னுதான் கேன்டீனுக்குப் போனேன்."



மார்ச் 1

அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 19

காலையில் நாத்தனார் போன். ஹலோ கூட இல்லை.

"நேத்தைக்கு இன்னிக்கு எடை ஒன்றரை கிலோ கூட. அவரேதான் பார்த்துட்டு, கிளம்பு போகலாம்னாரு. நீ ஒண்ணும் விளக்க வேணாம், வண்டியில ஏறிட்டோம்."

ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த ஊழியரிடம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, அண்ணன் நடந்தே உள்ளே வந்தார்.