சிவப்பு இறக்கை

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். நான் கட்டுகிற விமானமும் சுகம்.

கொட்டகையில் இடது இறக்கை முடிந்தது! செதுக்கிய நுரைப்பலகைமேல் கண்ணாடி இழைத் துணியை விரித்துப் பிசின் தடவினால், பால்வெள்ளைத் துணி கண்ணெதிரே மறைந்துபோகிறது, மேகம் கரைகிற மாதிரி. தெருவே திரண்டு வந்தது. பிசின் கப்பைக் கையில் பிடித்தபடி பறக்கும் கலையின் சரித்திரம் முழுக்கச் சொன்னேன். தையற்காரர் வாயைப் பிளந்துவிட்டார். அதற்குள் கப் சூடாகிப் பிசின் இறுகத் தொடங்கிற்று. நான் விடுவேனா? அழுத்தித் தேய்த்துவிட்டேன். மறுநாளே சிவப்புச் சாயமும் பூசியாச்சு. ஒரு விரலால் தூக்கலாம், நாலு யானை நின்றாலும் அசையாது.

முதல் பயணத்தில் பக்கத்து இருக்கை உன் அத்தைக்கு.

ஆகாயத்துக்குப் பக்கத்திலிருந்து,
மாமா

மார்ச் 15

அன்பு மாமாவுக்கு,

படகுப் பட்டறையில் தினமும் இதே பிசினோடு மல்லுக்கட்டுகிறவள் சொல்கிறேன். கலந்த சில நிமிடத்திலேயே இறுகிவிடும், இறுகின பிசின் துணிக்குள் இறங்காது, காற்றுதான் நிற்கும். வெள்ளைத் திட்டாகத் தெரிந்திருக்கும், சாயம் பூசி அதையும் மறைத்துவிட்டீர்கள். நாணயத்தால் இறக்கை முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், காற்று நின்ற இடம் தொப்பென்று கேட்கும். வீம்புக்கு அத்தையை ஏற்றினால் உங்களோடு பேசவே மாட்டேன்.

கவலையோடு,
வாயாடி

ஏப்ரல் 2

என் அக்கா பெற்ற பொல்லாதவளுக்கு,

தட்டினேன். என் காதுக்கு எல்லாமே கணீர்தான். அத்தை நாணயத்தைப் பிடுங்கித் தட்டினாள். நடுவில், தொப்.

"இத நம்பியா என்னை மேல கூட்டிட்டுப் போகப் போறீங்க?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அறுத்துவிட்டேன். இத்தனை நேராக இறக்கையை அறுத்தவன் உலகத்திலேயே கிடையாது. உள்ளே துணி நனையாமல், கடையில் வாங்கின வெள்ளையோடு அப்படியே இருந்தது.

இன்று புது இறக்கைக்கு முதல் துணி போட்டோம். அவள் விரித்தாள், நான் பிசின் தடவினேன். கொட்டகைக் கதவைச் சாத்தியிருந்தோம். ஜன்னல் வெயில் இறக்கைமேல் தேனாக மிதந்தது. துணி மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று. பிசின் கலந்ததிலிருந்து ஒட்டி முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் அத்தை பயந்துபோய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

இப்படிக்கு,
காய்ச்சல் எதுவும் இல்லாத மாமா